தண்டுவடக் காயத்திற்குப் பின் வாழ்வு

முன்னுரை

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர் என்பன அந்நான்கு. இவற்றுள் முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மருத்துவமனை திறக்கும்போதும் புதுக் கருவி வாங்கும்போதும் நாளிதழ்களில் படம் வருகிறது. நான்காம் கூறு நம் பேச்சில் இடம்பெறுவது அரிது. சில நோய்களில் அக்கூறு குறைந்தாலும் ஒருவாறு காலம் தள்ளிவிடலாம். தண்டுவடக் காயத்தில் அவ்வாறு இயலாது. அக்காயம் பட்டவர் மருத்துவமனையில் கழிப்பது சில வாரங்கள். அதன்பின் வீட்டில் கழிப்பது பல்லாண்டுகள். அப்பல்லாண்டுகள் எவ்வாறு அமைகின்றன என்பதை ஒரு நாட்டின் மருத்துவ அமைப்பே பெரிதும் முடிவு செய்கிறது என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பொருளியல் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவன். மருத்துவம் கற்றவன் அல்லன். எனினும் இப்பொருளைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் என் தாய்மாமன்.

எங்கள் வீட்டில் நடந்தது

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது மாமா தென்னை மரத்திலிருந்து விழுந்தார். மரம் ஏறுவது அவருடைய தொழில். அன்று காலை மழை பெய்து மரம் வழுக்கலாக இருந்தது. விழுந்தவரை நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஒரு சரக்கு ஆட்டோவில் மடக்கிப் படுக்க வைத்தார்கள். அன்பினால் செய்ததுதான். முதுகெலும்பு முறிந்தவரை அவ்வாறு தூக்கலாகாது என்பது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பெரிய மருத்துவமனை ஒன்றில் அறுவை செய்து, உலோகக் கம்பியும் திருகும் வைத்து முதுகெலும்பை நிலைநிறுத்தினார்கள். மருத்துவர்கள் இரவும் பகலும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இல்லையேல் மாமா இன்று இல்லை. பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். "கால் எப்போது வரும்?" என்று அத்தை கேட்டதற்கு, "பயிற்சி கொடுங்கள், பார்க்கலாம்" என்று விடை வந்தது. மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். சிறுநீர்க் குழாயோடும் பையோடும் மாமா வீடு வந்து சேர்ந்தார்.

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அசைத்தால் எலும்பு விலகிவிடுமோ என்று அஞ்சி, நாங்கள் அவரை அசைக்காமலே வைத்திருந்தோம். நாற்பது நாளில் பின்புறம் எலும்புக்கு மேலே சிவப்பாக ஒரு வட்டம் தோன்றியது. வலி இல்லாததால் மாமாவுக்கு அது தெரியவே இல்லை. பத்தே நாளில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது. காய்ச்சல் வந்தது. கறவை மாட்டை விற்றோம். களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த அத்தை வேலையை விட்டார். மாமாவின் மூத்த மகள் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றாள். இந்தக் கடைசி இழப்பு எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து, தெரிந்தவர் ஒருவர் சொல்லி, ஒரு மறுவாழ்வு நிலையத்தில் மாமாவைச் சேர்த்தோம். அங்கே ஆறு வாரம் இருந்தார். தாமே புரளக் கற்றார். கையை ஊன்றி உடலைத் தூக்கி இருக்கையில் அழுத்தத்தைக் குறைக்கக் கற்றார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கற்றார். நிலையான குழாயை எடுத்துவிட்டு, வேளை தவறாமல் தாமே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றக் கற்றார். இன்று வீட்டுத் திண்ணையில் மின்விசிறியும் மிக்சியும் பழுது பார்த்துக் கொடுக்கிறார்.

மாமாவின் தண்டுவடம் அவர் விழுந்த நாளில் இருந்தபடியேதான் இன்றும் இருக்கிறது. கால்களில் உணர்வு திரும்பவில்லை. ஆனால் புண்ணோடு கிடந்த இரண்டு ஆண்டு வாழ்வும், திண்ணையில் அமர்ந்து உழைக்கும் இன்றைய வாழ்வும் ஒன்றல்ல. காயம் மாறாதிருக்க வாழ்வு மாறியது எவ்வாறு? இந்த வினாதான் என்னை நூலகத்துக்கு அழைத்துச் சென்றது.

தண்டுவடம் செய்யும் வேலை

மூளையின் அடியில் தொடங்கி, முதுகெலும்புகளின் உள்ளே இறங்கி, இடுப்பின் முதல் எலும்பு அளவில் முடியும் நரம்புக் கற்றையே தண்டுவடம். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் உடையது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. மூளையின் கட்டளை கீழே செல்வதும் தோலின் உணர்வு மேலே வருவதும் இவ்வழியேதான். கழுத்தளவில் காயம்பட்டால் கை கால் நான்கும் செயலிழக்கும்; மார்பளவிலோ அதற்குக் கீழோ பட்டால் கால்கள் செயலிழக்கும்.

நடக்க முடியாமை மட்டுமே இக்காயத்தின் விளைவு என்று பலர் எண்ணுகின்றனர். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உயிருக்கு உலை வைப்பவை வேறு இரண்டு. தோலில் உணர்வில்லாததால் ஒரே பக்கம் அழுந்திக் கிடக்கும் சதை இரத்த ஓட்டமின்றி அழுகிப் படுக்கைப்புண்ணாகிறது. சிறுநீர்ப்பை தானே சுருங்கி முறையாகக் காலியாகாததால் சிறுநீர் தேங்கிக் கிருமி பரவி, நாளடைவில் சிறுநீரகம் கெடுகிறது. இவ்விரண்டும் பெரும்பாலும் தடுக்கக்கூடியவை. தடுப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கற்றுக்கொடுக்கும் ஆள் வேண்டும், தொடர்ந்து வந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு இக்காயம் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. ஆண்டுதோறும் உலகில் இரண்டரை இலட்சம் முதல் ஐந்து இலட்சம் பேர் வரை தண்டுவடக் காயம் அடைகின்றனர் என்றும், அவர்கள் அகால மரணமடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 5 மடங்கு வரை மிகுதி என்றும், வருவாய் குறைந்த நாடுகளில் இந்நிலை மேலும் மோசம் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. உலகில் 1 கோடியே 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இக்காயத்தோடு வாழ்கின்றனர் என்று அதே நிறுவனம் 2024இல் தெரிவித்தது. ஏழை நாட்டுக்காரரின் தண்டுவடம் செல்வ நாட்டுக்காரரின் தண்டுவடத்தைவிட மெலிந்ததன்று. வேறுபாடு அவரவரைச் சுற்றியுள்ள அமைப்பில் இருக்கிறது.

ஒரு மருத்துவர் கொண்டுவந்த மாற்றம்

முதல் உலகப்போர்க் காலத்தில் தண்டுவடக் காயம் பட்ட வீரர்களில் பெரும்பாலோர் குறுகிய காலத்தில் இறந்தனர். அவர்களைக் காப்பாற்ற முடியாது என்பதே மருத்துவ உலகின் பொதுக் கருத்தாக இருந்தது. இக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். செர்மனியில் 1899இல் பிறந்த யூதர்; நரம்பியல் மருத்துவர்; இட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்துக்கு வந்தவர். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரில் இக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு ஒன்று அவர் பொறுப்பில் தொடங்கப்பெற்றது.

அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் புரட்ட வேண்டும் என்பதை விதியாக்கினார். இரவில் தாமே படுக்கை படுக்கையாகச் சென்று அது நடக்கிறதா என்று பார்த்தார். சிறுநீர்ப்பையைப் பேணுவதில் கண்டிப்பான தூய்மையைக் கொண்டுவந்தார். பின்னர் மரவேலை, கடிகாரம் பழுதுபார்த்தல் போன்ற தொழில்களில் அவர்களை ஈடுபடுத்தினார். 1948ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள், இலண்டனில் ஒலிம்பிக் பந்தயம் தொடங்கிய அன்றே, 16 பேரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி வில்வித்தைப் போட்டி நடத்தினார். இன்று உலகம் பார்க்கும் பாராலிம்பிக் பந்தயத்தின் வித்து அதுவே.

1972இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் சாக் லாபிடஸ் மற்றொரு எளிய வழியை நிறுவினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தூய்மையான குழாயைச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளி தாமே செலுத்தி எடுத்துவிடுவதே அம்முறை. மாமா மறுவாழ்வு நிலையத்தில் கற்றது இதைத்தான். ஐம்பது ஆண்டுக்கு முன்பே உலகம் அறிந்த ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து சேர மாமாவின் காயத்துக்குப் பின்னும் இரண்டு ஆண்டு ஆயிற்று. அறிவு இருந்தது, அதனைக் கொண்டுவந்து சேர்க்கும் வழி இல்லை.

தமிழ்நாட்டின் முன்னோடிகள்

இத்துறையில் நம் நாட்டுக்கு வழிகாட்டியவர்கள் நம் மாநிலத்திலேயே இருந்தனர் என்பதை அறிந்து வியந்தேன். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஊர்தி விபத்தில் தண்டுவடம் காயமுற்று இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். ஆசுத்திரேலியாவில் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் அத்துறையைக் கற்றுத் திரும்பி, 1963இல் வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அங்கே பயிற்சி பெற்று வீடு சென்றவர்களை மீண்டும் ஒன்றுகூட்டி, உடல்நிலையைச் சோதித்து, விளையாட்டும் விழாவுமாக மகிழ்விக்கும் வழக்கமும் உண்டு. அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் கருதுவதில்லை.

தென்காசி அருகே ஆயக்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் மற்றொரு சான்று. அதனை நிறுவிய எஸ். இராமகிருட்டிணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது பெங்களூரில் கீழே விழுந்து கழுத்தில் காயமுற்றுக் கை கால் நான்கும் செயலிழந்தவர். 1981இல் சில குழந்தைகளோடு ஒரு கூரைக் கொட்டகையில் அவர் தொடங்கிய பணி இன்று தென்மாவட்டச் சிற்றூர்களுக்கெல்லாம் பரவியுள்ளது. 2020இல் அவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. காயத்தின் கடுமையை மட்டும் கொண்டு ஒருவரின் வாழ்வை அளந்துவிட முடியாது என்பதற்கு இவ்விருவர் வாழ்வே சான்று. ஆயினும் மன உறுதி ஒன்றே போதும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இருவருக்கும் நல்ல மருத்துவமும் பயிற்சியும் கிடைத்தன. அவை எல்லார்க்கும் கிடைக்குமாறு செய்வதே அவர்கள் நிறுவிய நிலையங்களின் நோக்கம்.

ஒரே காயம், இருவகை வாழ்வு

பொருளியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது நியூசிலாந்து நாட்டின் சட்டம். நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் 1967இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1972இல் அங்கே விபத்து ஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1974ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. விபத்து யாருடைய தவற்றால் நேர்ந்தது என்று அச்சட்டம் கேட்பதில்லை. வேலையிடத்திலோ சாலையிலோ வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தோ காயமுற்றாலும் உதவி ஒன்றே. அதற்கு ஈடாக, இழப்பீடு கோரி வழக்குத் தொடரும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தனர். மருத்துவச் செலவு, சக்கர நாற்காலி, வீட்டைத் திருத்தியமைக்கும் செலவு, அருகிலிருந்து பணி செய்பவருக்கான ஊதியம் ஆகியவற்றோடு, இழந்த வருவாயில் 80 விழுக்காடும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. தண்டுவடம் விபத்தால் மட்டுமே கெடுவதில்லை. கட்டியாலும் கிருமித் தாக்குதலாலும் கெடுவதுண்டு. நோயால் கால் இழந்தவருக்கு இச்சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. அவர் பொது மருத்துவத்தையும், குடும்ப வருவாயைக் கணக்கிட்டு அளிக்கும் நலத்தொகையையும் நம்பியிருக்க வேண்டும். ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த படுக்கையில் ஒரே அளவு செயலிழப்போடு இருக்கும் இருவர், வீடு திரும்பும்போது இருவேறு வாழ்வுக்குத் திரும்புகின்றனர். நோயையும் காலப்போக்கில் இதனுள் சேர்க்க வேண்டும் என்பதே வுட்ஹவுசின் கருத்தாக இருந்தது. அது நிறைவேறவில்லை. உடலும் காயமும் ஒன்றாக இருக்க, அமைப்பு மட்டும் வேறுபட்டால் வாழ்வு என்னவாகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய பிரிவுகள் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய ஈ.எஸ்.ஐ. திட்டத்தின்படி, வேலையின்போது அடிபட்டு உழைக்கும் திறனை முழுதும் இழந்த ஆலைத் தொழிலாளிக்குச் சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். மரம் ஏறுபவருக்கும் கிணறு வெட்டுபவருக்கும் அத்திட்டத்தில் இடமில்லை. அவர்கள் உழைத்ததும் உழைப்புத்தான், விழுந்ததும் வேலையின்போதுதான்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. எத்தனையோ உயிர்களைக் காக்கும் நற்பணி இது. ஆயினும் தண்டுவடக் காயத்தின் கணக்கு 48 மணி நேரத்தில் முடிவதில்லை. முப்பது வயதில் காயமுற்றவருக்கு அது நாற்பது ஆண்டுக் கணக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உள்ளது. நான்காம் கூறுக்கு அரசு கை கொடுக்க ஏற்ற வழி இதுவே என்பது என் எண்ணம்.

2017 முதல் 2019 வரை 22 நாடுகளில் இக்காயத்தோடு வாழும் ஏறத்தாழ 12,500 பேரிடம் அவர்களுடைய உடல்நலம், வேலை, வீடு, மனநிறைவு ஆகியவை பற்றி ஒரே வினாத்தாளைக் கொண்டு கேட்டறிந்தனர். அந்த 22 நாடுகளுள் இந்தியா இல்லை. வாழ்கிறவர்களையே கேட்டறியும் இம்முறை நமக்கும் வேண்டும். மருத்துவமனைப் பதிவேடு எத்தனை அறுவை நடந்தது என்று சொல்லும். அத்தை வேலையை விட்டதையும் மகள் படிப்பை விட்டதையும் வீட்டில் வந்து கேட்டால்தான் அறிய முடியும்.

செய்ய வேண்டுவன

என் சிற்றறிவுக்கு எட்டியவரை சிலவற்றைக் கூற விரும்புகிறேன். முதலாவதாக, இக்காயம் பட்ட எவரையும் வீட்டுக்கு அனுப்புமுன், புரட்டுதல், தோலைப் பார்த்தல், குழாய் செலுத்துதல் ஆகிய மூன்றையும் உடனிருப்பவர் தம் கையால் செய்து காட்டிய பின்னரே அனுப்ப வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு மாவட்டத்திலும் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் படுக்கைகள் வேண்டும். வீடு சென்ற முதல் மாதத்திலேயே ஒருவர் வந்து பார்க்க வேண்டும். மூன்றாவதாக, உதவி காயத்தின் அளவைப் பார்க்க வேண்டுமேயன்றிக் காரணத்தைப் பார்க்கலாகாது. நான்காவதாக, பணி செய்யும் பெண்ணின் உழைப்பையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். அத்தை இழந்த கூலியை நான் நாள்கூலி வீதத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டே ஆண்டில் அது மருந்துச் செலவை விஞ்சிவிட்டது.

முடிவுரை

இவையெல்லாம் அரசு செய்ய வேண்டியவை, நமக்கென்ன என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். விழுந்து கிடப்பவரை மடக்கித் தூக்காமல், கழுத்தும் முதுகும் அசையாதபடி வைத்து 108 வரும்வரை காப்பது எப்படி என்பதை நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரே பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். முகாம் நடக்கும் ஊருக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. சென்ற ஆண்டு கல்லூரி ஆண்டு விழாவுக்கு மாமாவை அழைத்தேன். அவர் மகிழ்ச்சியோடு என்னைப் பார்த்து, "எத்தனை படி, மாப்பிள்ளை?" என்று கேட்டார். மூன்று ஆண்டு ஏறி இறங்கியும் நான் அதனை எண்ணிப் பார்த்ததில்லை. மறுநாள் எண்ணினேன். விழா மண்டபத்துக்கு ஏழு படி, நூலகத்துக்கு இருபத்திரண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மாமா விழாவுக்கு வரவில்லை.

நூலகத்துக்கு மாடி ஏறாமல் வழி காண்பது அரிதாக இருக்கலாம். மண்டபத்தின் ஏழு படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் அமைப்பது அரிதன்று. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் மனம் வைத்தால் அடுத்த ஆண்டு விழாவுக்குள் அது முடியும். நான் அப்போது இங்கு மாணவனாக இருக்கமாட்டேன். மாமாவை அழைத்துக்கொண்டு விருந்தினனாக வருவேன்.